சோற்றுக்குப் பாடிய பிள்ளைகள்

கோடை விடுமுறை வந்தால் அக்கா மகளை நாடகப் பட்டறைக்குக் கூட்டிப்போவது என் வேலை. பணம் கட்டி, டிபன் பாக்ஸ் கொடுத்து அனுப்பிவிட்டு வாசலில் காத்திருப்பேன். அப்போதெல்லாம் பாய்ஸ் கம்பெனி ஞாபகம் வரும். அங்கே கணக்கு தலைகீழ். பிள்ளை நடித்தது, கம்பெனி சோறு போட்டது.

1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை'யைத் தொடங்கினார். பெரிய நடிகர்கள் எழுதிக்கொடுத்ததை விட்டுவிட்டு மேடையில் மனம்போனபடி பேசிக்கொண்டிருந்த காலம். சிறுவர்கள் என்றால் சொன்னதைக் கேட்பார்கள். அண்ணன்களோடு அங்கே சேர்ந்த டி.கே. சண்முகத்துக்கு வயது ஆறு. அவருக்காகவே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதினார் என்பார்கள்.

இசை, வசனம், மனப்பாடம் எல்லாம் அங்கேதான். தங்குவது, சாப்பிடுவது, அடி வாங்குவதும் அங்கேதான். ராஜபார்ட், ஸ்திரீபார்ட் இரண்டுமே பையன்களுக்குத்தான். பள்ளிக்கூடம் மட்டும் கிடையாது. எம்.ஜி.ஆரையும் அண்ணன் சக்கரபாணியையும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் கொண்டுபோய்ச் சேர்த்தது கலை ஆர்வம் இல்லை, வீட்டு வறுமை. சிவாஜி கணேசன் சின்ன வயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பிப்போய் ஒரு கம்பெனியில் சேர்ந்தார்.

'அந்தப் பயிற்சிதாங்க அவங்களை உருவாக்குச்சு' என்று சொல்வோம். பொய்யில்லை. ஆனால் அதோடு விட்டுட முடியல. காரணம், நாடகக்காரர்கள் பேச்சில் வரும் ஒரு சொல்: மகரக்கட்டு. பதின்மூன்று, பதினாலு வயதில் பையனின் குரல் உடைவதற்கு அந்தப் பெயர். மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைவரை பாடிய தொண்டை திடீரென்று ஒத்துழைக்காது. நேற்றுவரை அபிமன்யு, இன்றைக்கு அந்த வேஷம் இன்னொரு பையனுக்கு.

அதைத் தாண்டி வந்தவர்களின் பெயர்தான் நமக்குத் தெரியும். சண்முகமும் சகோதரர்களும் 1925-இல் சொந்த சபையே தொடங்கினார்கள். தாண்ட முடியாதவன் எங்கே போனான்? படிப்பு இல்லை, வேறு தொழிலும் தெரியாது. அவன் சுயசரிதை எழுதவில்லை. தமிழ் நாடகத்தையும் அதன்பின் சினிமாவையும் தூக்கி நிறுத்தியதில் அவன் தொண்டைக்கும் பங்குண்டு. அதை எழுதாத வரலாறு பாதி வரலாறுதான்.

பட்டறை முடிந்து வந்தவளுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

"நாளைக்கு லீவு போட்டுடலாமா?" என்றேன்.

"போட்டா என்ன, என் வேஷம் எனக்குத்தானே" என்றாள்.