மேச்சேரி வானத்தின் சரித்திரம்

ஊர்களுக்குச் சரித்திரம் எழுதுகிறவர்கள் கோட்டையைத் தேடுவார்கள், கல்வெட்டைத் தேடுவார்கள். தலைக்கு மேலே இருக்கும் வானத்தை அவர்கள் நிமிர்ந்து பார்ப்பதே இல்லை. மேச்சேரியைப் போன்ற ஊருக்கு இந்த முறை சரிப்படாது. அங்கே அரசர்களைவிட அதிகமாக ஆட்சி செய்தது வானந்தான். மழையும் காற்றும் புகையுமே அந்த ஊரின் மூன்று அத்தியாயங்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

சேலம் ஜில்லாவின் மேற்குப் பகுதியில், மேட்டூருக்குக் கிழக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது மேச்சேரி. பத்ரகாளியம்மன் கோயிலும், ஊரின் பெயரையே தாங்கிய ஆடும் அதற்குப் பெருமை. அந்த ஆட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். கம்பளி கிடையாது; குட்டையான பழுப்பு மயிர்; பெரும்பாலும் கொம்பும் இல்லை. காய்ந்த புல்லையும் முள்வேலியோரத்து இலையையும் தின்று பிழைக்கும். பொட்டனேரியில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இப்படிப்பட்ட பிராணி ஓர் ஊரின் செல்வமாக இருக்கிறதென்றால், அந்த ஊர் தண்ணீரை எத்தனை அருமையாகக் கண்டிருக்க வேண்டும்!

இந்தச் சீமையின் பருவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பங்குனியிலும் சித்திரையிலும் வெயில் பாறையைச் சுடும். இடையே கோடை மழை ஒன்றிரண்டு இடியோடு வந்து உழவுக்கு ஈரம் கொடுக்கும். ஆடியில் மேற்கிலிருந்து காற்று வரும். மழையை மலைக்கு அப்பாலேயே கொட்டிவிட்டு வெறுங்கையோடு வரும். அம்மியும் பறக்கும் என்று பழமொழி சொல்லுகிற அந்தக் காற்றில், இங்கே அம்மிக்கு முன்னால் பறப்பது செம்மண். ஆவணி முதல் ஐப்பசி வரை சாயங்கால வேளைகளில் இடிமழை. அதை நம்பித்தான் சோளமும் கம்பும் நிலக்கடலையும். அந்த மழை தவறினால்?

தவறிய வருஷம் ஒன்று உண்டு. 1876-ஆம் வருஷம், தமிழ்க் கணக்கில் தாது. பாட்டிமார்கள் அதைத் 'தாது வருஷப் பஞ்சம்' என்றார்கள். சென்னை மாகாணத்தில் மழை அடியோடு பொய்த்தது. மிகவும் அடிபட்ட ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. 1871-ல் எடுத்த குடிக்கணக்கில் பழைய சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை 19 லட்சத்துக்கு மேல். பத்து வருஷம் கழித்து 1881-ல் எண்ணிய போது சுமார் 16 லட்சம். குறைந்தவர்கள் எல்லோரும் இறந்தவர்கள் அல்ல. ஊரை விட்டுப் போனவர்களும் உண்டு. ஆனாலும் அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

மழை இல்லாததால் பஞ்சம் வந்தது என்று சொல்லி முடித்துவிடலாம். அது பாதி உண்மைதான். அப்போது சேலத்துக்கு ரயில் வந்து பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. தானியத்தைக் கொண்டுவர வழி இருந்தது. அதை வாங்கக் கூலிக்காரன் கையில் காசு இல்லை. 1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் லிட்டன் பிரபு தர்பார் நடத்தி, விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று பிரகடனம் செய்தார். அதே மாதம் செலவைக் குறைப்பதற்காக ஸர் ரிச்சர்டு டெம்பிள் தெற்கே அனுப்பப்பட்டார். நிவாரண வேலையில் கல் உடைக்கும் ஆண் பிள்ளைக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று அவர் விதித்தார். ஒரு ராத்தல் என்றால் இன்றைய அளவில் அரைக் கிலோகூட இல்லை. மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ், வேலை செய்கிற உடம்புக்கு இது போதாது என்று விடாமல் வாதாடினார். சில மாதங்களுக்குப் பிறகு கூலி உயர்ந்தது. அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு, கசப்பான வேடிக்கை. இந்திய வானிலை இலாகாவை ஏற்படுத்தியது 1875-ல், அதாவது பஞ்சத்துக்கு முந்திய வருஷம். மழையை அங்குலக் கணக்கில் அளந்தார்கள். மனிதனின் பசியை அளக்கத்தான் ஒரு கருவி இல்லை. பஞ்சக் கமிஷன் கூடி, 1880-ல் அறிக்கை தந்து, அதன் பேரில் பஞ்ச நிவாரண விதிகள் எழுதப்பட்ட பிறகே, பசியும் சர்க்காரின் கணக்குப் புத்தகத்தில் ஏறியது.

பிறகு அணை வந்தது. மைசூருடன் 1924-ல் ஒப்பந்தம் ஆயிற்று, அடுத்த வருஷம் மேட்டூரில் வேலை தொடங்கியது, 1934-ல் முடிந்தது. கவர்னர் ஸ்டான்லியின் பெயரை நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். 120 அடி ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீருக்குள் பல கிராமங்கள் மூழ்கின. நீர் வற்றும் போது பண்ணவாடிக்கு அருகே பழைய கோயிலின் நந்தியும் மாதா கோயிலின் கோபுரமும் இன்றும் தலைகாட்டுகின்றன. தண்ணீர் போனது தஞ்சைக்கு. தஞ்சை அதற்குப் பாத்தியதை உள்ளதுதான். அதில் தகராறு இல்லை. ஆனால் மேச்சேரி மேட்டில் இருக்கிறது. கடல் மாதிரித் தண்ணீரைப் பக்கத்திலே வைத்துக்கொண்டு, அந்த ஊர் பழையபடி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. உபரி நீரை இறைத்துச் சேலம் ஜில்லாவின் நூறு ஏரிகளை நிரப்பும் திட்டம் தொடங்கியது 2021-ல். அணை கட்டி 87 வருஷத்துக்குப் பிறகு. அதுவும் உபரி இருந்தால்தான்!

தண்ணீர் வரவில்லை, வேறொன்று வந்தது. அணையிலிருந்து மின்சாரம் பிறந்தது. மின்சாரத்தைத் தேடி ரசாயனத் தொழிற்சாலை வந்தது. 1960-களில் அலுமினியம் வந்தது. 1987-ல் நிலக்கரியை எரிக்கும் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. நூற்றாண்டின் கடைசியில் பொட்டனேரிப் பக்கம் உருக்காலையும் எழுந்தது. பஞ்சத்தை வெல்ல அணை, அணையால் மின்சாரம், மின்சாரத்தால் ஆலை, ஆலையால் புகை. சரித்திரத்தில் ஒரு நன்மை எங்கே போய் முடியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. ஆலைகள் வந்ததால் ஆயிரக்கணக்கான வீடுகளில் மாதச் சம்பளம் வந்தது என்பதை மறந்து பேசுவதும் நியாயமல்ல. தாது வருஷத்துக் கூலிக்காரனுக்கு இல்லாதது அந்தச் சம்பளந்தானே?

புகைக்கும் பருவம் உண்டு. ஆடியில் காற்று அதை வாரிச் சிதறடித்துவிடும். அப்போது கண்ணில் விழுவது பெரும்பாலும் மண். மார்கழியிலும் தையிலும் கதை வேறு. இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடும். மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று பானைக்கு மூடி போட்டதுபோல் அமர்ந்துகொள்ளும். ஆலைப் புகை, லாரிப் புகை, குப்பையும் தாளும் எரித்த புகை எல்லாம் அந்த மூடிக்குக் கீழேயே தங்கும். காலையில் நாம் பனி என்று ரசிப்பதில் பாதி பனி அல்ல. வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் மூடி திறக்கும்.

காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-லேயே வந்துவிட்டது. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தேசத்தின் தொழிற்பேட்டைகளுக்கு மதிப்பெண் போட்டபோது, கடுமையாக மாசுபட்டவற்றின் வரிசையில் மேட்டூரும் இருந்தது. ஆக, அளக்கத் தெரிந்துவிட்டது. அளந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

1876-லும் அளக்கத் தெரிந்திருந்தது. மழை இத்தனை அங்குலம் குறைவு என்று தாளில் எழுதிவிட்டு, ஒரு ராத்தல் போதும் என்றார்கள். பசி ஆளை வீதியில் சாய்த்தது. அதனால் உலகம் பார்த்தது. புகை அப்படிச் செய்வதில்லை. வீட்டுக்குள்ளே, பாயில் படுத்திருக்கும் கிழவரின் இருமலாகவும் குழந்தையின் இளைப்பாகவும் மெதுவாக வேலை செய்கிறது. அதை எழுத எந்தக் கும்மிப் பாட்டும் இல்லை. ஆகையால்தான் கணக்கு இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்கிறேன். மேச்சேரிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வானத்தைப் பார்த்து, "மழை வருமா?" என்று கேட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதே வானத்தைப் பார்த்து, "இதை மூச்சாக இழுக்கலாமா?" என்று கேட்டால், பதில் சொல்ல ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும்.