லயம் தந்த மானியம்: ஜொகூரின் தொழில்மயமும் தொழிலாளர் குடியிருப்பும்

ஜொகூரின் தொழில்மயத்தைப் பேசுவோர் பாசிர் கூடாங்கிலிருந்து தொடங்குவது வழக்கம்: 1977-இல் திறந்த துறைமுகம், அதைச் சுற்றி எழுந்த ஆலைகள், நீரிணையைத் தாண்டி வந்த சிங்கப்பூர் மூலதனம். அந்த ஆலைத் தொழிலாளர்கள் இரவில் எங்கே உறங்கினார்கள் என்று கேட்டால் கதை வேறிடத்தில், ரப்பர் தோட்டத்து லயத்தில் தொடங்கும். ஆலைத் தொழிலாளரின் குடியிருப்புச் செலவில் ஒரு பங்கைத் தோட்டம் சுமந்தது. வீட்டை வேலையோடு பிணைத்த பழைய ஏற்பாட்டைச் சட்டம் செப்பனிட்டதே தவிர அவிழ்க்கவில்லை. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

லயம் என்பது ஒரே கூரையின்கீழ் வரிசையாகத் தடுத்த அறைகள். முன்னால் திண்ணை, பொதுக் குழாய், தள்ளிக் கழிப்பறை. எங்கெல்ஸ் 1845-இல் எழுதிய மான்செஸ்டர்த் தொழிலாளியின் வீடு இதைவிட மோசமாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் அவன் பெரும்பாலும் வேறொருவருக்கு வாடகை கொடுத்தான். லயத்தில் முதலாளியே வீட்டுக்காரர். வாடகை கேட்காத வீட்டில் உரிமை கேட்க இடமில்லை.

குடியிருப்பின்மீது அரசுக்கு அக்கறை பிறந்ததே சாவு எண்ணிக்கையால்தான். மலேரியா ஆட்களை வாரிக்கொண்டு போன காலத்தில், மருத்துவர் மால்கம் வாட்சன் கிள்ளானில் 1901 முதல் காட்டிய வடிகால் முறை தோட்டங்களுக்குப் பரவியது. 1920-களின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இருப்பிடத்தையும் தண்ணீரையும் மருத்துவத்தையும் முதலாளியின் கடமையாக்கின. 1966-இன் குறைந்தபட்ச வீட்டுத் தரச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 1990-இன் 446-ஆம் சட்டமும் அதே தடத்தில் நடந்தன. இவற்றை வெற்றுக் காகிதம் என்று தள்ளுவது நியாயமல்ல. ஆயினும் சுவரும் குழாயும் சட்டத்துக்குள் வந்த அளவுக்குக் குடியிருப்புரிமை வரவில்லை. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்பதற்கு எதிராக 1960-இல் மலாயா அமைச்சர் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கியது. சொத்துரிமையைத் தொட்ட பெரிய முயற்சி அது ஒன்றுதான்.

ஆலைகள் பெருகியபோது சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கு விடியலில் தொழிற்சாலை பஸ் வரத் தொடங்கியது. பெண்ணும் பையனும் ஷிப்டு வேலைக்குப் போனார்கள். தாயோ தந்தையோ மட்டும் பால் மரம் வெட்டுவதை விடவில்லை. இதைத் தோட்டப் பற்று என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அது கணக்காகவே படுகிறது. குடும்பத்தில் ஒருவராவது தோட்டப் பதிவேட்டில் இருந்தால்தான் வீடு நிற்கும். வெட்டுக்கூலி குறைவாக இருந்தும் அதை விடாமல் பிடித்திருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. வாடகை கொடுக்க வேண்டாத பிள்ளைக்கு ஆலைச் சம்பளம் கட்டுபடியாயிற்று. அதைக் கூட்டித்தரும் நெருக்கடி ஆலைக்கும் அந்த அளவுக்குக் குறைந்தது.

பிறகு தோட்டங்களே தாமான்கள் எனும் வீடமைப்புப் பகுதிகளாயின. ரினி தோட்டம் முத்தியாரா ரினி ஆயிற்று. மவுண்ட் ஆஸ்டினுக்கும் அதே கதி. (தமிழ்ப்பள்ளி மட்டும் இன்னும் லாடாங் ரினி, அதாவது ரினி தோட்டம்தான்.) லயம் போனபோது, ஆலைகளுக்கு இத்தனை காலம் கிடைத்துவந்த மானியமும் போனது. லயத்துக்கு மாற்றாக இருந்த குறைந்த விலை வீட்டுக்கு 1982-இல் 25,000 ரிங்கிட் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. தினக்கூலியை வருமானச் சான்றாக வங்கியிடம் நீட்டியவருக்கு அதுவும் எட்டாத விலை. தோட்டத் தொழிலாளருக்குச் சொந்த வீடு என்ற திட்டம் 1973-இலேயே பேசப்பட்டதுதான். அதை நிறைவேற்றுவது நிர்வாகங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டதால் பேச்சளவில் நின்ற இடங்களே அதிகம். கட்டாயமாக்கியிருந்தால், தோட்டத்தை விற்பவர் தொழிலாளரின் வீட்டுக்கும் ஒரு விலை வைக்க நேர்ந்திருக்கும்.

இன்று அதே ஆலைகளில் நேபாளியரும் வங்கதேசத்தவரும் நிற்கிறார்கள். மூவாரின் மரத்தளவாடப் பட்டறைகளிலும் அப்படியே. தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் மட்டுமே என்றிருந்த 446-ஆம் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் 1 முதல் பிற துறைகளையும் தழுவியது. விடுதிக்குச் சான்றிதழ் கட்டாயமாயிற்று. கோவிட் காலத்தில் நெருக்கடியான விடுதிகளில் தொற்று பரவிய பிறகுதான் அமலாக்கம் சூடுபிடித்தது. மலேரியாக் காலத்து வழக்கம் இங்கும் தொடர்வதைக் காணலாம். கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் விதி வந்துவிட்டது. வேலை அனுமதி ஒரே முதலாளியின் பெயரில் இருக்கும்வரை, அவர் அதை ரத்து செய்தால் கட்டிலும் போய்விடும்.