கின்ஸ்மென் (இசைத்தொகுப்பு)

கின்ஸ்மென், அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் கர்நாடக இசைக் கலைஞர் கத்ரி கோபால்நாத்தும் தக்ஷிணா குழுவுடன் சேர்ந்து உருவாக்கிய இசைத்தொகுப்பு. பை ரெக்கார்டிங்ஸ் நிறுவனம் 2008-இல் வெளியிட்டது. தலைப்புக்கு ‘உறவின்முறையார்’ என்று பொருள். இரண்டு ஆல்டோ சாக்சபோன்களே இதன் மையம்.

பின்னணி

பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் சாக்ஸ் 1846-இல் பாரிசில் காப்புரிமை பெற்ற கருவி சாக்சபோன். தென்கன்னட மாவட்டத்தில் நாகசுரக் கலைஞரின் மகனாகப் பிறந்த கோபால்நாத் (1949–2019), மைசூர் அரண்மனை பேண்டில் அதைக் கேட்டு வசப்பட்டார். பின்னர் சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்றார். 1980-இல் பம்பாய் ஜாஸ் யாத்ரா விழாவில் அமெரிக்க சாக்சபோன் கலைஞர் ஜான் ஹேண்டியுடன் மேடையேறினார். தமிழ்நாட்டில் இவர் வாசிப்பை வீடுதோறும் கொண்டுசேர்த்தது, ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த ‘டூயட்’ (1994) படம்.

மகந்தப்பா 1971-இல் இத்தாலியில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்து, அமெரிக்காவின் கொலராடோவில் வளர்ந்தவர். மாணவப் பருவத்தில் அண்ணன் வேடிக்கையாகக் கொடுத்த கோபால்நாத் ஒலிப்பதிவுதான் இருவரையும் இணைத்த முதல் கண்ணி.

குழுவினர்

வயலின் ஏ. கன்யாகுமாரி. பெயர் குமரிமுனையுடையது, பிறந்த ஊர் ஆந்திரத்தின் விஜயநகரம். மிருதங்கம் பூவாளூர் ஸ்ரீஜி. கிதார் கராச்சியில் பிறந்த ரெஸ் அப்பாஸி. பாஸ் கார்லோ டி ரோசா, டிரம்ஸ் ராயல் ஹார்ட்டிகன்.

இசை

பெரிய ஜாஸ் ஆர்க்கெஸ்ட்ராவில் பொதுவாக ஐந்து சாக்சபோன்கள் இருக்கும்: இரண்டு ஆல்டோ, இரண்டு டெனர், ஒரு பாரிடோன். ஒவ்வொன்றும் வெவ்வேறு சுரம் பிடித்து ஒத்திசைவை எழுப்பும். கின்ஸ்மெனில் இருப்பவை ஒரே வகைக் கருவிகள் இரண்டு; வேறுபடுவது வாசிப்பின் இலக்கணம். சாக்சபோனில் உலோகச் சாவிகள் துளைகளை மூடித் திறப்பதால் சுரங்கள் தனித்தனியே விழும். விரலே துளையை மூடும் நாகசுரத்தில் கமகம் வழுக்கிக்கொண்டு வரும். கோபால்நாத் கருவியில் சில மாற்றங்கள் செய்து, உதட்டின் அழுத்தத்தாலும் மூச்சின் கட்டுப்பாட்டாலும் அந்தக் குழைவைச் சாக்சபோனுக்குக் கொண்டுவந்தார். மகந்தப்பாவின் வாசிப்போ கூர்மையும் வேகமும் கொண்டது. கேட்பவருக்கு எந்தக் குழல் யாருடையது என்பது இதனாலேயே பிடிபடுகிறது.

பல உருப்படிகளில் குழல்கள் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசித்த பின், கற்பனை வாசிப்புக்குப் பிரிகின்றன. மிருதங்கமும் டிரம்ஸும் அருகருகே தாளம் காக்கின்றன. ‘ரெஸ்-ஆலாப்’, ‘கன்யா-ஆலாப்’ முதலிய சிறு ஆலாபனைகள் வாசிப்பவரின் பெயரையே தாங்கி, பெரிய உருப்படிகளுக்கு இடையே வருகின்றன. ‘கல்யாணி’ 65-ஆவது மேளகர்த்தா ராகத்தின் பெயர் கொண்டது. அதன் சுரவரிசை ஜாஸ் கலைஞர்கள் ‘லிடியன்’ என்று அழைப்பதே.

சுசீந்திரம் போன்ற நாஞ்சில் நாட்டுக் கோயில்களில் இரண்டு நாகசுரங்கள் ஒரே கீர்த்தனையைச் சேர்ந்தும் மாறி மாறியும் வாசிக்கும் மேளத்தைக் கேட்டுப் பழகியவருக்கு இந்த இரட்டைக் குழல் அமைப்பு புதிதல்ல.

பிற்காலம்

கன்யாகுமாரி 2016-இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார். மகந்தப்பா பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜாஸ் பிரிவு இயக்குநரானார். கோபால்நாத் 2019 அக்டோபர் 11 அன்று மங்களூரில் காலமானார்.