திருமண ஒளிப்படங்களின் தர மதிப்பீடு: வரலாற்று நோக்கு

திருமண ஒளிப்படங்களை மதிப்பிடுவோர் பொதுவாக வில்லைத் தேர்வு, ஒளியமைப்பு, வண்ணம் ஆகிய மூன்றையும் கருத்தில் கொள்கின்றனர். இவற்றுக்கான அளவுகோல்கள் எக்காலத்துக்கும் ஒன்றாக இருந்ததில்லை. அந்தந்தக் காலத்தில் கிடைத்த கருவிகளும் படச்சுருள்களுமே அவற்றைப் பெரிதும் வகுத்தன. ஒரு படத்தில் காணப்படும் குறை, எடுத்தவருடையதா கருவியினுடையதா என்பதைப் பிரித்தறிய இவ்வரலாறு உதவுகிறது.

வில்லை

1839 இல் டாகெரியின் ஒளிப்பட முறை அறிவிக்கப்பட்டபோது, ஒரு முகத்தைப் பதிவு செய்யப் பல நிமிடங்கள் தேவைப்பட்டன. 1840 பிப்ரவரியில் நடந்த விக்டோரியா அரசியின் திருமணத்துக்கு ஒளிப்படம் இல்லை. அதே ஆண்டில் ஜோசப் பெட்சுவால் வடிவமைத்த உருவப்பட வில்லை, மிகுதியான ஒளியை உள்வாங்கி அந்த நேரத்தைப் பெரிதும் குறைத்தது. அதில் எடுத்த படங்களின் நடுப்பகுதி கூர்மையாகவும் ஓரங்கள் மங்கலாகவும் இருந்தன. அன்று வில்லையின் வரம்பாக இருந்த மங்கல், இன்று 85 மி.மீ. வில்லைகளைக் கொண்டு விரும்பி உருவாக்கப்படுகிறது.

இதற்கு நேர்மாறானது அகலக்கோண வில்லை. குறுகிய மேடையில் உறவினர் அனைவரையும் ஒரே படத்தில் அடக்க அது உதவும். ஆனால் ஓரத்தில் நிற்போரின் முகங்கள் பக்கவாட்டில் இழுபட்டுத் தோன்றும். இடமில்லாத மண்டபத்தில் இதைத் தவிர்ப்பது கடினம். பின்னால் நகர இடமிருந்தும் இவ்வாறு எடுப்பதே குறையாகும்.

ஒளி

தொடக்கத்தில் மணமக்கள் ஒளிப்பட நிலையத்துக்குச் சென்று, சாளர ஒளியில் அசையாமல் நின்றனர். 1887 இல் ஜெர்மனியில் மக்னீசியம் கலந்த மின்னொளித் தூள் அறிமுகமானது. அதன் புகையும் தீ அபாயமும் சடங்கு நடக்கும் இடத்துக்குப் பொருந்தவில்லை. 1929–30 இல் ஃப்ளாஷ் பல்புகள் விற்பனைக்கு வந்தபின் ஒளிப்படக்காரர் மண்டபத்துக்குள் வருவது எளிதாயிற்று. எனினும் நேராகப் பாயும் ஒளி முகத்தைத் தட்டையாக்கியது. பின்சுவரில் கடும் நிழலை விழச்செய்தது. தமிழ்த் திருமணங்களில் பட்டுச்சேலையின் சரிகை இவ்வொளியைத் திருப்பி வெண்புள்ளிகளாக்கும். ஓமப்புகை அதைச் சிதறடித்துப் படத்தை வெளிறச் செய்யும். ஒளியைக் கூரையிலோ சுவரிலோ பட்டுத் திரும்பச் செய்வது இதைக் குறைக்கும்.

வண்ணம்

பழைய கருப்பு வெள்ளைத் தட்டுகள் பல செந்நிறத்தை உணரவில்லை. அவற்றில் சிவப்புக் கூறைப்புடவையும் குங்குமமும் கருமையாகவே பதிந்தன. 1942 இல் கோடாக் நிறுவனம் கோடாகலர் படச்சுருளை வெளியிட்டது. 1950களில் அச்சுக்கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்கப் பயன்படுத்திய மாதிரிப் படங்கள் 'ஷெர்லி அட்டைகள்' எனப்பட்டன. அவற்றில் இருந்தவர் வெள்ளை நிறப் பெண்.

அந்தத் தோல்நிறமே அளவுகோலானதால், கருநிற மக்களின் முகங்கள் விவரமிழந்து இருண்டன. வெளிர்நிறத்தவர் அருகில் நிற்கும்போதும் வெள்ளை உடை அணிந்தபோதும் இது மேலும் வெளிப்பட்டது. மரச்சாமான், சாக்லேட் நிறுவனங்கள் தங்கள் பொருள்களின் பழுப்புச் சாயல்கள் சரியாகப் பதியவில்லை என்று முறையிட்டது படச்சுருள்கள் மேம்பட ஒரு காரணமாயிற்று என ஆய்வாளர் லோர்னா ராத் 2009 இல் வெளியான கட்டுரையில் பதிவு செய்துள்ளார். பல இனப் பெண்கள் இடம்பெற்ற அட்டை 1990களிலேயே வந்தது.

எண்ணிமக் காலம்

எண்ணிமக் கருவியின் ஒளிமானியும் காட்சியை நடுத்தரச் சாயலாகக் கருதியே அளக்கிறது. வெள்ளை வேட்டி சட்டை படச்சட்டத்தை நிறைத்தால் கருவி ஒளியைக் குறைத்துவிடும். மணமகனின் முகம் இருளும். இதற்குத் தீர்வு, முகத்தைக் கொண்டு ஒளியை அளப்பதாகும். பின்னர்க் கணினியில் தோலை வெளுப்பாக்குவது ஒளியளவின் தவறைத் திருத்துவதில்லை. பழைய அட்டையின் அளவுகோலையே மீண்டும் புகுத்துகிறது. ஆகவே திருமணப் படமொன்றை மதிப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது, அதிலுள்ளோரின் தோல்நிறம் உள்ளபடியே, விவரம் குன்றாமல் பதிவாகியுள்ளதா என்பதே.