ஓட்டமும் சுற்றோட்டமும்: குருதியறிவின் வரலாற்றில் ஒரு வேறுபாடு

பள்ளி அறிவியல் நூல்களிலும் கலைச்சொற் பட்டியல்களிலும் 'இரத்த ஓட்டம்' என்றும் 'இரத்தச் சுற்றோட்டம்' என்றும் இரு தொடர்கள் வழங்குகின்றன. பலரும் இவற்றை ஒரு பொருள் குறித்த சொற்களாகவே ஆள்கின்றனர். வகுப்பறையில் இதனால் பெரிய இழப்பு நேர்வதில்லை. ஆயின் மருத்துவ வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு இவ்விரு தொடர்களுக்கும் இடையே ஏறத்தாழ 1,400 ஆண்டுக்கால இடைவெளி உண்டு. குருதி உடலில் ஓடுகிறது என்பது பண்டையோர் பலரும் அறிந்த செய்தி. ஓடிய குருதியே புறப்பட்ட இடத்திற்கு மீள்கிறது என்பது 1628ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு நூலால் நிறுவப்பட்ட செய்தி. 'நம் முன்னோர் இரத்த ஓட்டத்தை அறிந்திருந்தனர்' என்னும் கூற்றை விழா மேடைகளிலும் மாணவர் கட்டுரைகளிலும் நாம் அடிக்கடி எதிர்கொள்கிறோம். அக்கூற்று மெய்யா பொய்யா என்று வழக்காடுமுன், அவர்கள் அறிந்திருந்தது எதனை என்று வினவுதல் முறையாகும்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலனின் கொள்கையை முதற்கண் நோக்குவோம். உண்ட உணவு கல்லீரலில் குருதியாகிறது. அக்குருதி சிரைகளின் வழியே உறுப்புகளுக்குச் சென்று அங்கேயே செலவழிந்து விடுகிறது என்பது அவர் கருத்து. இதயத்தின் வலப்பக்கத்தை அடையும் குருதியில் ஒரு பகுதி, இரு கீழறைகளுக்கும் இடைப்பட்ட சுவரிலுள்ள கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகள் வழியே இடப்பக்கம் கசிந்து, உயிர்க்காற்றுடன் கலந்து தமனிகளில் செல்கிறது என்றும் அவர் கொண்டார். இக்கொள்கையில் ஓட்டம் உண்டு, மீட்சி இல்லை. தமனிகளில் இருப்பது வெறுங்காற்று என்று முன்னோர் சிலர் கருதியதை மறுத்து, அவற்றிலும் குருதியே உள்ளது என்று சோதனையால் காட்டியவரும் கேலனே என்பதை மறத்தலாகாது.

வடமொழி மருத்துவ நூல்களுள் ஒன்றான சுசுருத சங்கிதையும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. உணவின் சாரமாகிய இரசம் கல்லீரலையும் மண்ணீரலையும் அடைந்து செந்நிறம் பெற்றுக் குருதியாகிறது என்று அந்நூல் கூறுகிறது. 700 சிரைகள் கொப்பூழை மூலமாகக் கொண்டு உடலெங்கும் பரவுகின்றன என்பதும், வாய்க்கால்கள் தோட்டத்தை நனைப்பது போல அவை உடலைப் பேணுகின்றன என்பதும் அதில் காணப்படும் விளக்கங்கள். வாய்க்கால் உவமை அழகியது. அதனினும் மேலாகத் தெளிவானது. வாய்க்காலில் பாய்ந்த நீரைப் பயிர் உறிஞ்சிக்கொள்ளும். அந்நீர் மடைக்குத் திரும்புவதில்லை. கிரேக்கரும் இந்தியரும் ஏறத்தாழ ஒரே வகைப் படத்தை மனத்தில் கொண்டிருந்தனர் என்பதற்கு இவ்வுவமையே சான்றாகிறது. உழவை அடிப்படையாகக் கொண்ட நாகரிகங்களில் இவ்வெண்ணம் தோன்றியது வியப்பன்று.

கேலனின் நுண்துளைகளை முதலில் மறுத்தவர் ஐரோப்பியர் அல்லர். திமிஷ்கு நகர்ப் பகுதியில் பிறந்து கெய்ரோவில் மருத்துவப் பணியாற்றி 1288இல் மறைந்த இப்னு அந்-நஃபீஸ், இப்னு சீனாவின் நூலுக்குத் தாம் எழுதிய உரையில் இதனைத் திட்டவட்டமாக மறுத்துள்ளார். கீழறைச் சுவர் தடித்தது. அதில் காணும் துளையும் இல்லை, காணாத் துளையும் இல்லை. ஆதலின் வலக் கீழறைக் குருதி நுரையீரலுக்குச் சென்று காற்றோடு கலந்தே இடப்பக்கத்தை அடைதல் வேண்டும் என்பது அவர் வாதம். 1242இல் எழுதப்பட்டதாகக் கொள்ளப்படும் இவ்வுரையின் சிறப்பு 1924இல், பெர்லின் நூலகச் சுவடியொன்றை ஆராய்ந்த எகிப்திய மருத்துவர் முஹியித்தீன் அத்-தத்தாவியாலேயே மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தது. ஐரோப்பாவில் 1553இல் செர்வெத்தும் 1559இல் கொலம்போவும் இதே நுரையீரல் வழியை எழுதினர். எனினும் இவர்கள் மூவரும் கண்டது ஒரு பாதையின் ஒரு கூறே. உடல் முழுவதற்குமான வட்டம் அவர்கள் எழுத்தில் முழுமை பெறவில்லை.

இனி வில்லியம் ஹார்வியிடம் வருவோம். 1578இல் இங்கிலாந்தில் பிறந்து, இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் 1602இல் பட்டம் பெற்றவர் அவர். அங்கு அவருடைய ஆசிரியராக விளங்கிய பப்ரிசியசு, சிரைகளின் உட்புறத்தில் சிறு மடிப்புகள் இருப்பதைக் கண்டு 1603இல் நூலாகவே வெளியிட்டார். ஆனால் குருதி கைகால்களில் மிகுதியாகத் தேங்காமல் அதன் வேகத்தை அவை தணிக்கின்றன என்று பொருள் கொண்டார். கண் முன்னே விடை இருந்தும், கேலனின் கொள்கை அதனை வேறாகக் காட்டிற்று.

1628இல் பிராங்பர்ட்டில் ஹார்வி வெளியிட்ட இலத்தீன் நூல் 72 பக்கங்களே கொண்டது. அதன் ஒன்பதாம் இயலில் உள்ள கணக்கே நம் கருத்தில் அந்நூலின் உயிர். இதயம் ஒருமுறை சுருங்கும்போது வெளியேற்றும் குருதியின் அளவை அவர் அறுதியிட்டுக் கூறவில்லை. அரை அவுன்சு என்று கொள்க, மூன்று டிராம் என்று கொள்க, ஒரு டிராம் என்றே கொள்க என்று படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வருகிறார். அரை மணி நேரத்தில் இதயம் ஆயிரம் முறைக்கு மேல் துடிக்கிறது. ஒரு டிராம் என்னும் மிகக் குறைந்த அளவைக் கொண்டாலும் அரை மணியில் 1,000 டிராம், அதாவது 125 அவுன்சு குருதி தமனிகளுக்குள் செல்ல வேண்டும். இன்றைய அளவையில் அது ஏறத்தாழ 4 கிலோகிராம். ஒரு மணி நேரத்திற்கு 8 கிலோகிராம். இவ்வளவு குருதியை உண்ணும் உணவு ஓயாது ஆக்கித் தருதல் இயலாது. உடல் உறிஞ்சிக்கொள்ளுதலும் இயலாது. எனவே சென்ற குருதியே திரும்பி வருதல் வேண்டும்.

ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லிலிட்டர், ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் என்பது ஓய்விலிருக்கும் வளர்ந்த மனிதர்க்கு இன்று நாம் அறியும் அளவு. உடலிலுள்ள குருதியின் மொத்த அளவும் ஏறத்தாழ அதுவேயாகும். ஆகவே ஹார்வியின் எண்கள் உண்மையைவிட மிகமிகக் குறைந்தவை. அவருடைய திறம் எண்ணின் துல்லியத்தில் இல்லை. எதிர்ப்பவர் விரும்பும் எண்ணையே அளித்து, அதனைக் கொண்டே அவரை மடக்கியதில் உள்ளது. வாதக்கலை பயிற்றும் ஆசிரியர்க்கு இஃது உரிய பாடமாகும்.

கணக்கோடு அவர் நிற்கவில்லை. மேற்கையை மிக இறுகக் கட்டினால் மணிக்கட்டில் நாடி அடங்கிக் கை குளிர்கிறது. கட்டைச் சற்றுத் தளர்த்தினால், ஆழத்திலுள்ள தமனியில் குருதி உள்ளே செல்ல, மேலோட்டமான சிரைகள் கட்டுக்குக் கீழே புடைக்கின்றன. புடைத்த சிரையை விரலால் அழுத்திக் குருதியை மேல்நோக்கித் தள்ளலாம். கீழ்நோக்கித் தள்ள முயன்றால் மடிப்புகள் தடுக்கின்றன. ஆசிரியர் வேகத்தடை என்று கருதியவை மாணவர் கையில் ஒருவழிக் கதவுகளாயின. தமனியின் இறுதிக்கும் சிரையின் தொடக்கத்திற்கும் இடையே குருதி எவ்வாறு கடக்கிறது என்பதை மட்டும் அவரால் காட்ட இயலவில்லை. அவர் 1657இல் மறைந்தார். தவளையின் நுரையீரலில் தந்துகிகளை நுண்ணோக்கி வழியே மால்பீகி கண்டது 1661இல்.

இவ்விடத்தில் நம் துறைக்கு நெருக்கமான ஒரு சான்றை விலக்கிவிட முடியாது. பேல சங்கிதை என்னும் பழைய வடமொழி மருத்துவ நூல், இதயத்திலிருந்து இரசம் வெளிப்பட்டு எங்கும் சென்று சிரைகள் வழியே இதயத்தை மீண்டும் அடைகிறது என்னும் பொருள்பட ஓரிடத்தில் உரைக்கிறது. தஞ்சை அரண்மனை நூலகத்துச் சுவடி ஒன்றையே பெரிதும் சார்ந்து நமக்குக் கிட்டியுள்ள இந்நூலைக் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1921இல் பதிப்பித்தது. மீட்சி என்னும் கருத்து இங்கு உள்ளது; அதனை மறைப்பது நேர்மையன்று. ஆயின் அங்குக் கூறப்படுவது இரசம். அளவில்லை, சோதனையில்லை, இதயத்தை அழுத்தி உந்தும் தசையாகக் கண்ட குறிப்பும் இல்லை. பின்வந்த மருத்துவ மரபு அவ்வரியிலிருந்து ஒரு புதிய உடலியலைக் கட்டியெழுப்பவும் இல்லை. இப்னு அந்-நஃபீசின் உரையோ மாற்றுக் கொள்கையைக் காரணம் காட்டி மறுத்தது. ஹார்வி காரணமும் கணக்கும் சோதனையும் காட்டினார். இம்மூன்றையும் 'முன்பே அறிந்திருந்தனர்' என்னும் ஒரே தொடரில் அடக்குவது மூவர்க்கும் இழைக்கும் அநீதி என்றே கருதுகிறோம்.

சித்த மருத்துவ நாடிநூல்களைப் பற்றியும் இவ்வாறே கூறலாம். மணிக்கட்டில் மூவிரல் வைத்து வாதம், பித்தம், ஐயம் ஆகியவற்றின் நடையை உணர்ந்து நோய் கணிக்கும் அக்கலை, துடிப்பைக் கூர்ந்து நோக்கிய நெடிய பயிற்சியின் விளைவு. துடிப்பை நோக்குதல் வேறு. குருதியின் பாதையை வரைதல் வேறு. இலங்கைத் தமிழில் தமனியை 'நாடி' என்றும் சிரையை 'நாளம்' என்றும் வழங்குவதால் இவ்விரு பொருள்களும் ஒரே சொல்லில் வந்து கூடுகின்றன என்பதையும் ஆசிரியர்கள் நினைவிற் கொள்ளலாம்.

அவ்விலங்கையிலேதான் புதிய உடலியல் விரிவான தமிழ் நூல்வடிவம் பெற்றது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தவர். 1860களில் பயிற்றுமொழியைத் தமிழாக்கினார். கட்டர் எழுதிய உடற்கூற்று நூலை 1850களிலும், கிரேயின் பெருநூலை 'மனுஷ அங்காதிபாதம்' என 1872இலும் தமிழில் வெளியிட்டார். வழங்கும் தமிழ்ச்சொல் இருப்பின் அதனையும், இன்றேல் வடசொல்லையும், அதுவும் இல்லாவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்திலும் கொள்வது அவர் வகுத்துக்கொண்ட முறை. நாடிநூல் மரபில் வளர்ந்த யாழ்ப்பாண மாணவர்கள், கேலனையும் அவர் மறுப்பாளரையும் கடந்துவந்த இதயத்தின் நான்கு அறைகளையும் அவற்றின் கதவுகளையும் தம் தாய்மொழியிலேயே பயின்று மருத்துவராயினர்.