தாடைப்பூட்டும் தாம்பூலமும்: ஒரு வரலாற்று நோக்கு

உடலின் மூட்டைப் பூட்டு என வழங்குதல் தமிழ் மரபு. தோட்பூட்டு, இடுப்புப்பூட்டு என்பனபோலத் தாடைப்பூட்டு என்பதும் பொருத்தமான சொல்லேயாம். திறக்கவும் மூடவும் அமைந்த இம்மூட்டுப் பழுதுற்றவிடத்து வாய் மெய்யாகவே பூட்டப்பட்டுவிடுகின்றது. உணவும் உரையும் ஒருங்கே தடைப்படுதலின், இந்நோயின் வரலாறு மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று.

காதின் முன்னே, கீழ்த்தாடை என்பின் முனை மண்டையோட்டின் குழியிற் பொருந்துமிடத்தில் இம்மூட்டு அமைந்துள்ளது. இரண்டிற்கும் இடையே மெல்லிய தட்டொன்று உண்டு. வாயைத் திறக்குங்கால் முனை முதலிற் கதவின் கீல்போற் சுழல்கின்றது. பின்னர்த் தட்டோடு முன்னோக்கி வழுக்குகின்றது. தட்டு இடம் பெயரின் ‘கிளிக்’ என்ற ஒலி எழும்; அது மீளாவிடின் வாய் ஓரளவுக்கு மேல் திறவாது. முனையே மேட்டைக் கடந்து முன்சென்று சிக்குமாயின், திறந்த வாயை மூடவியலாது.

இவ்விறுதி நிலையைப் பண்டையோர் நன்கறிந்திருந்தனர். 1862-ஆம் ஆண்டில் எகிப்தின் லக்சரில் எட்வின் சிமித் என்பார் விலைக்கு வாங்கிய பப்பைரசுச் சுவடி, பெருவிரல்களை வாயினுள் வைத்து, ஏனைய விரல்களை மோவாயின்கீழ்க் கொடுத்து, தாடையைப் பின்தள்ளும் முறையைக் கூறுகின்றது. கிரேக்கரான இப்போக்கிரட்டீசும் இதனையொத்த முறையை விளக்கினார். விலகிய தாடைக்கு ஒற்றடமிட்டு, இடத்திற் பொருத்தி, ஐந்து நாடாக் கட்டுக் கட்டுமாறு சுசுருத சங்கிதை விதிக்கின்றது. அடிப்படை முறை இன்றும் பெரிதும் மாறவில்லை.

விலகலைக் கண்டறிதல் எளிது. நோவையும் இறுக்கத்தையும் விளக்குதல் அரிது. 1934-இல் அமெரிக்க மருத்துவர் சேம்சு கொசுதன், கடைவாய்ப் பற்களின் இழப்பே இவற்றுக்குக் காரணம் என்றார். உடற்கூற்றறிஞர் அவ்விளக்கத்தை ஏற்றிலர். 1950-களில் இலசுலோ சுவார்ட்சு முதலியோர் மெல்லும் தசைகளின் இறுக்கத்தையும் மனக்கவலையையும் சுட்டினர். ஒரே காரணத்தைத் தேடிய காலம் கழிந்து, பல காரணங்களைச் சேர்த்து நோக்கும் காலம் பிறந்தது.

ஆயினும் நம் நாட்டார்க்கு இவ்வரலாற்றில் வேறொரு பக்கமும் உண்டு. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ திருமணம் நிகழின், வெற்றிலையும் பாக்கும் இன்றி வரவேற்பு நிறைவுறாது. மரியாதைக்குத் தட்டில் வைக்கும் பாக்கு வேறு. நாள்தோறும் ஓயாது மெல்லும் பாக்கு வேறு. 1952-இல் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்டிர் ஐவரிடம் வாய் திறவாமையை விளைக்கும் நோயொன்றைச் சுவார்ட்சு என்னும் வேறொருவர் விவரித்தார். அடுத்த ஆண்டிற் பம்பாயில் யோசி அதனையே ஆராய்ந்தெழுதினார். இங்கு மூட்டிற் குறையில்லை. பாக்கிலுள்ள அரிக்கொலின் முதலிய பொருள்களால் கன்னத்தின் உட்டோலின்கீழ் நார் பெருகி இறுகுதலே காரணமாகும்.

இவ்விரண்டையும் பிரித்தறிதல் உயிர் காக்கும் செயலாகும். காதின் முன்னே நோவும், ஒலியும், திறக்கும்போது தாடை ஒருபுறம் சாய்தலும் மூட்டு நோயைச் சுட்டுவன. காரமான உணவால் எரிச்சல், உட்கன்னம் வெளிறுதல், விரலுக்குத் தட்டுப்படும் நார்ப்பட்டை ஆகியன பாக்கு நோயின் குறிகள். முன்னையது பெரும்பாலும் ஓய்வாலும் பயிற்சியாலும் தணியும்; பின்னையது புற்றுநோயாக மாறவுங் கூடும். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் விளைப்பதே எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் 2004-இல் வெளியிட்ட நூலில் அறிவித்தது.

இலங்கையிற் பல்வைத்தியப் பட்டக்கல்வி 1943-இற் கொழும்பிலே தொடங்கிப் பின்னர்ப் பேராதனைக்குச் சென்றது. கிராமச் சுகாதார ஊழியரே வாயைச் சோதித்து ஐயத்திற்குரியோரை மருத்துவரிடம் அனுப்பவியலும் என்பதனை 1984-இல் வெளிவந்த இலங்கை ஆய்வொன்று காட்டிற்று. அவர்கள் கொண்ட கருவி கூர்ந்த பார்வையேயாம். ஆகவே, விருந்தின்போது வாய் முன்போல் அகலத் திறவாமையை ஒருவர் உணர்வாராயின், அதனை முதுமையின் குறியென்று புறக்கணித்தல் தகாது. பூட்டு எதனால் இறுகிற்று என்பதனை அறிந்த பின்னரே திறவுகோலைத் தேடுதல் கூடும்.