பாடியவன் யார்?

நாட்டார் பாடல்களைப் பற்றி நம்மவர் எழுதிய நூல்களைப் புரட்டிப் பார்ப்போருக்கு ஒரு செய்தி புலப்படும். பாட்டு இருக்கும், அதற்கு விளக்கமும் இருக்கும், தொகுத்தவர் பெயர் முகப்பிலேயே நிற்கும். பாடியவன் பெயரோ அரிதாகவே காணக்கிடைக்கும். தொகுத்தோரின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 1964ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டில் நா. வானமாமலை 'தமிழர் நாட்டுப் பாடல்க'ளையும், இங்கே வி. சீ. கந்தையா 'மட்டக்களப்புத் தமிழக'த்தையும் தந்திராவிடின் எத்தனையோ பாடல்கள் காற்றோடு போயிருக்கும். எனினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. களவெட்டியிலே பொலி பாடியவன் யார்? அவன் போடியாரா, கூலிக்காரனா? நெல் யாருடையது? இவற்றைக் கேளாமல் பாட்டின் இனிமையை மட்டும் வியந்து நிற்பது போதுமா?

இவ்வினாவுக்குத் தன் வாழ்க்கையையே விடையாக்கிய பாடகர் ஒருவர் தமிழகத்தில் வாழ்ந்தார். அவரே கே. ஏ. குணசேகரன். இன்றைய சிவகங்கை மாவட்டத்தில், இளையான்குடியை அடுத்த மாரந்தை என்னும் சிற்றூரில், 1955இல் தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட மக்களிடையே பிறந்தவர். 2005இல் வெளிவந்த 'வடு' என்னும் தன்வரலாற்றிலே அவர் தம் இளமையைச் சொல்கிறார். பசி அதில் உண்டு. பசியினும் கொடிய சாதி இழிவும் உண்டு. கிராமத்துத் தெருவிலே குனிந்து நடக்க வேண்டியிருந்த அந்தச் சிறுவன், இளையான்குடி முஸ்லிம்களிடையே அத்தகைய தீண்டாமையைக் காணவில்லை. அங்கே முறை சொல்லி அழைத்துப் பழக முடிந்தது என்பதை அவர் நன்றியுடன் பதிவு செய்கிறார். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் நம் கரைவாழ் மக்கள் இப்பக்கங்களை நின்று நிதானித்துப் படிக்க வேண்டும்.

கல்வி அவரைக் கிராமத்துக்கு வெளியே கொண்டுவந்தது. ஆனால் கற்றவர் பலருக்கு நேர்வது அவருக்கு நேரவில்லை. பிறந்த மண்ணின் பாட்டை மறைப்பதற்குப் பதிலாக அதையே தம் ஆய்வுப் பொருளாக்கினார். மதுரையிலே நாட்டுப்புறப் பாடல்களை ஆராய்ந்தார். 'தன்னானே' என்னும் கலைக்குழுவை அமைத்து ஊர் ஊராகப் பாடினார். தொகுப்பவரும் பாடுபவரும் இவரிடத்தில் ஒருவரே ஆயினர். பாட்டின் பொருளை அவர் ஏட்டிலே தேட வேண்டியிருக்கவில்லை; வயலிற் குனிந்து நாற்று நட்ட தம் உறவினரின் முதுகிலேயே அது எழுதப்பட்டிருந்தது.

அவர் குரலோடு என்றும் சேர்த்து நினைக்கப்படும் பாடல் 'மனுசங்கடா'. அதை இயற்றியவர் கவிஞர் இன்குலாப். கீழக்கரையிலே 1944இல் முஸ்லிம் குடும்பமொன்றில் சாகுல் ஹமீதாகப் பிறந்து, சென்னைப் புதுக்கல்லூரியிலே தமிழ் கற்பித்தவர். கீழ்வெண்மணியின் தீயை நெஞ்சிலே கொண்டு எழுந்த பாடலாகவே அது அறியப்படுகிறது. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, தஞ்சைத் தரணியிலே, கூலி உயர்வு கேட்டுச் சங்கமாய்த் திரண்ட உழவுத் தொழிலாளரின் சேரியிலே 44 உயிர்கள் குடிசையோடு எரிக்கப்பட்டன. மாண்டோரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளரை மேல் நீதிமன்றம் பின்னர் விடுதலை செய்தது. நீதிமன்றத்திலே கிடைக்காத நியாயத்தை மக்கள் பாட்டிலே கேட்டனர். கீழக்கரை முஸ்லிம் ஒருவர் எழுத, மாரந்தைத் தலித் ஒருவர் பாட, அந்த ஒலி ஒலிநாடாவில் ஏறிச் சேரிதோறும் சென்றது. வானொலியின் வாசலிலோ திரைப்பட முதலாளியின் வாசலிலோ அது காத்து நிற்க வேண்டியிருக்கவில்லை.

இது தமிழுக்கு மட்டும் உரிய வரலாறும் அன்று. அமெரிக்க நாட்டிலே 'கண்ட்ரி' இசை எனப்படுவதும் உழவரிடமிருந்தும் கூலிகளிடமிருந்தும் வந்ததே. ஒக்லஹோமாவிற் பிறந்த வூடி கத்ரி (1912–1967), 1930களின் புழுதிப் புயலால் நிலமிழந்து கலிபோர்னியாவுக்கு வேலை தேடிச் சென்ற ஏழைகளின் துயரைக் கித்தாரோடு பாடினார். நீக்ரோ மக்களின் பாடகர் பால் ராப்சனின் கடவுச்சீட்டை 1950இல் அரசு பறித்து, 1958 வரை அவரை நாட்டுக்குள் அடைத்து வைத்தது. பாட்டு வெறும் பொழுதுபோக்காயின் அரசு ஏன் அஞ்ச வேண்டும்?

குணசேகரன் இடதுசாரி மேடைகளில் வளர்ந்த பாடகர். ஆயினும் வர்க்கப் போராட்டம் வென்றால் சாதி தானே ஒழியும் என்று காத்திருக்க அவரால் இயலவில்லை. அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி, 1990களில் தலித் இலக்கியம் தமிழில் ஓங்கி எழுந்தபோது அவர் அதன் முன்னணியில் நின்றார். 'பலி ஆடுகள்' என்னும் அவர் நாடகம் தமிழ்த் தலித் அரங்கின் தொடக்க முயற்சிகளுள் ஒன்று. கூலியையும் சாதியையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதை வெண்மணி நமக்குக் கற்பித்தது. குணசேகரனின் வாழ்வு அதையே மறுபடியும் கற்பிக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்திலே நாடகப் பேராசிரியராகவும், சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் அவர் பணியாற்றினார். பதவிகள் வந்த பின்னும் பாடுவதை அவர் நிறுத்தவில்லை. 2016 ஜனவரியில் அவர் மறைந்தார். அதே ஆண்டு டிசம்பரில் இன்குலாபும் மறைந்தார்.

கிட்டங்கிக்கு இப்பால் வாழும் நமக்கு இவ்வரலாறு அயலாருடையதா? நாவிதன்வெளி என்னும் ஊர்ப்பெயரிலேயே ஒரு தொழிற்குலத்தின் பெயர் நிற்கிறது. நம் சுற்றுவட்டத்து வயல்களில் தமிழரும் முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாகச் சூடடித்திருக்கின்றனர், கவி பாடியிருக்கின்றனர். மட்டக்களப்புப் பகுதியின் பறைமேளக் கூத்தை உயிரோடு காத்தவர்கள், அக்கருவியைத் தொட்டமைக்காகவே இழிவு சுமந்தவர்கள். இன்று அறுவடை இயந்திரம் ஒரே ஓட்டத்தில் அறுத்தும் அடித்தும் தந்துவிடுகிறது. அதை வேண்டாம் என்போர் எவருமிலர். முதுகு நோவு யாருக்கும் இனிதன்று. ஆனால் தொழில் மறைந்த பின் பாட்டு மட்டும் பாடசாலை விழா மேடைக்கு வந்து சேர்கிறது. பட்டுச் சட்டையும் பொய்க் கதிர்க்கட்டுமாக மாணவர் பாடுகின்றனர். நடுவர் புள்ளி வழங்குகின்றனர். பாட்டின் உள்ளே இருந்த பசியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே, பாடுவதை நிறுத்த வேண்டாம். பாடுமுன் கேளுங்கள். வயல் செய்த முதியவர்களும் நாற்று நட்ட பெண்களும் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்தம் பாட்டைப் பதிவு செய்யுங்கால், அவர்கள் ஒப்பினால் பெயரையும் எழுதுங்கள். அன்றைய நாட்கூலி எவ்வளவு, நெல்லிலே யாருக்கு எத்தனை பங்கு, எந்த வாசலுக்குள் அவர்கள் நுழைய முடியவில்லை என்பனவற்றையும் சேர்த்து எழுதுங்கள். அப்பொழுதுதான் நம் தொகுப்புகளில் பாட்டோடு பாடியவனும் இடம்பெறுவான்.